அணைக்கரைப் படகுகளுக்கு ஈரமில்லாத ஓர் இடம் தாருங்கள்

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கக் கரைகளில் படகோட்டியும் மீன்பிடித்தும் பிழைக்கும் குடும்பங்கள் ஒன்றுகூடி, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து மக்கள் அனைவருக்கும் விடுக்கும் வேண்டுகோள் இது.

எங்களிடம் இருப்பவை பைபர் படகுகள். நீர் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. வறட்சியில் நீர் இறங்கும்போதுதான் அடிபடுகின்றன. 1969-இல் மவுசாகலை அணை வந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றினால் தலைகாட்டும் கோயிலைப் பார்க்கப் பலரும் வருகிறார்கள். தலைகாட்டாமல் ஒரு சாண் நீருக்கடியில் கிடக்கும் அத்திவாரக் கல்லும் அடிமரமும்தான் எங்கள் படகைக் கிழிக்கின்றன.

கிழிந்த இடத்தில் தாரைப் பூசி, டியூப் துண்டை ஒட்டி மறுநாளே இறக்கிவிடுகிறோம். வயிற்றுப்பாடு அப்படி. ஆனால் பைபர் என்பது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய ஒன்று. மேற்பூச்சு உடைந்தால் இழை வழியே தண்ணீர் உள்ளுக்குள் ஊறிக்கொண்டே போகும். நாணயத்தால் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’கென்று கேட்கும். ஊறிய இடத்தில் ‘பொத்’தென்று அமுங்கும். கண்ணுக்குத் தெரியும் விரிசல் ஒரு சாண் என்றால், ‘பொத்’ என்னும் இடம் ஒரு முழத்துக்கும் போகலாம். அந்தப் படகில்தான் அக்கரை லயத்துப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

முறையான வேலை இதுதான்: கெட்டதையெல்லாம் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். ஓட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்க்க வேண்டும். கால் அங்குலக் கனத்துக்குச் சுற்றிலும் மூன்று அங்குலச் சரிவு. நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, பைபர் மேட்டை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்த வேண்டும்.

கடற்கரை ஊர்களில் இதை வெட்டவெளியிலேயே செய்துவிடுவார்கள். இங்கே முடிவதில்லை. விடிந்தால் பனிமூட்டம், பொழுது சாய்ந்தால் குளிர். 15 பாகைக்குக் கீழே ரெசின் சரியாக இறுகாது. ஈரம் பட்டால் பிடிக்காது. குளிருக்குப் பயந்து, ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை அள்ளி ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம்தான் அளவு. எத்தனை கவனமாக ஒட்டினாலும் எங்கள் ஒட்டு கழன்றுவிடுவதற்குக் காரணம் கையல்ல, இடம்.

ஆகவே தோட்ட நிர்வாகங்களை முதலில் கேட்கிறோம். மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோர்க் கட்டடங்களில் ஒன்றின் கீழ்த்தளத்தை, தை முதல் பங்குனி வரை எங்களுக்குத் தாருங்கள். ஒழுகாத கூரையும், கிரைண்டரும் விளக்கும் போட மின்சாரமும், பெரிய கதவும் இருந்தால் போதும். ரெசின் வாடை கடுமையானது, தீப்பற்றக்கூடியது; ஆட்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகில் வேண்டாம்.

நகரத்து வர்த்தகர்களே, பணமாகத் தர வேண்டாம். ரெசின், மேட், தூரிகை, முகக்கவசம், கையுறை என்று பொருளாகவே தாருங்கள். கண்ணாடித் தூசு நுரையீரலுக்குள் போகக்கூடாது. கவசம் இல்லாமல் யாரையும் கிரைண்டர் பிடிக்க விடமாட்டோம்.

நீர்கொழும்பு, வத்தளைப் பக்கம் பைபர் வேலைக்குப் போயிருக்கும் எங்கள் தோட்டத்துத் தம்பிமாரே, உங்களைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறோம். பொங்கலுக்கு வரும்போது நாலு நாள் கூடுதலாக நில்லுங்கள். ஹார்ட்னரையும், இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பதுகூட இங்கே பலருக்குத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற வேலையும் இல்லை இது. பக்கத்தில் நின்று செய்து காட்டும் ஒரு பாஸ் வேண்டும்.

படகில் வருகிற அம்மாமாரே, அண்ணன்மாரே! ஏறும்முன் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஏறாதீர்கள். எங்களுக்கு வருத்தமாக இருக்காது.

படகுக்காரர்களுக்கும் ஒரு சொல். கவிழ்த்துப் போட்ட படகு காய்ந்து, ஒட்டி, இறுக எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டும். நல்ல படகு வைத்திருப்பவர்கள் அந்த வீட்டுக்காரரைக் கூட்டாளியாக ஏற்றிக்கொண்டு, கிடைக்கும் மீனில் பாதியைக் கொடுங்கள். உங்கள் படகைக் கவிழ்த்துப் போடும் வாரத்தில் அவர் உங்களை ஏற்றிக்கொள்வார் என்று எல்லோர் சார்பிலும் வாக்குத் தருகிறோம்.