ஏணியிலேயே குடியிருப்போர்



தோற்றுவிட்டதாம் தமிழ்! எங்கே? கவியரங்கிலே அல்ல; எந்திரப் பொறியியல் வகுப்பறையிலே!

2010ஆம் ஆண்டிலே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. வாழ்த்தினோம், வரவேற்றோம், மேடைதோறும் பேசி மகிழ்ந்தோம். 2023 மே மாதத்திலே அதே பல்கலைக்கழகம், சேர்க்கை குறைந்துவிட்டது என்று காரணங்காட்டி, உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அவ்வகுப்புகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிற்று, அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. வென்றோம் என்று வீடு திரும்பினோம். அறிவிப்பைத் திரும்பப் பெற்றதால் இருக்கைகள் நிரம்பிவிடுமா என்று எவரும் கேட்கவில்லை.

எந்திர நுட்பம் தமிழுக்குள் அடங்காது, அதனால்தான் மாணவன் வரவில்லை என்று மார்தட்டுகின்றனர் ஆங்கிலத்துக்கு ஆலவட்டம் வீசுவோர். அந்த நுட்பம் எம்மொழியிலே பிறந்தது என்பதையேனும் அவர்கள் அறிவரோ? எந்திரவியல் மாணவன் வெப்ப இயக்கவியலிலே மனப்பாடம் செய்கிறானே கார்னோ சுழற்சி, அது 1824இல் சாடி கார்னோ பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலிலே பிறந்தது. நீராவி எந்திரத்தை நாடெங்கும் ஓடவிட்டது இங்கிலாந்து. அது எந்த விதிப்படி ஓடுகிறது என்ற ஆராய்ச்சிக்கு அடிக்கல் நாட்டியது பிரெஞ்சு மொழி! மியூனிக் நகரில் லிண்டே ஜெர்மன் மொழியிலே நடத்திய பாடத்தைக் கேட்ட மாணவர்தாம் ருடால்ஃப் டீசல். 1897இல் அவர் ஓட்டிக்காட்டிய எந்திரத்தின் வழித்தோன்றல்கள்தாம் இன்று நம் லாரிகளை இழுக்கின்றன.

ஜப்பானைப் பாருங்கள். 1873இல் டோக்கியோவிலே தொடங்கிய பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர் ஹென்றி டயர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பாடம் முழுவதும் ஆங்கிலம்! ஆயினும் அங்கே பயின்றவர்கள் ஆசிரியர்களாயினர். நாளடைவில் பாடமும் அவர்தம் தாய்மொழிக்கு மாறிற்று. ஆங்கிலத்தை ஏணியாக்கி மாடியேறினர் ஜப்பானியர். நாமோ ஏணியிலேயே பாய்விரித்துப் படுத்திருக்கிறோம்!

கோவைக்கு வாருங்கள். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தோர் என்று ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் போற்றப்படுகிற ஊர் அது. அங்குள்ள பட்டறையிலே, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கும் பிசகாமல் இரும்பைக் கடைந்தெடுக்கிற தொழிலாளி எம்மொழியிலே சிந்திக்கிறான்? லேத்தும் கியரும் பேரிங்கும் அவன் நாவிலே தமிழாகவே புழங்குகின்றன. அவற்றை விரட்டிவிட்டுத்தான் பாடம் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

பிறகு ஏன் இருக்கை காலி? ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் வழிவிடுகிற ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழிலே எழுதலாம்; 2021 முதல் அதற்கு வழியுண்டு. நான்காண்டு படித்து வெளியே வருகிறவன் எழுத வேண்டிய கேட் தேர்வோ ஆங்கிலத்திலே மட்டும்! அந்த மதிப்பெண்ணைக் கொண்டுதான் ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் பல, பொறியாளர்களைப் பொறுக்கி எடுக்கின்றன. தமிழ்வழி பயின்றோர்க்கு மாநில அரசுப் பணியிலே 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது; நல்ல சட்டம். ஆனால் எந்திரப் பொறியாளன் பெரும்பாலும் பிழைக்கப் போவது தனியார் தொழிற்சாலையிலே. அங்கே நேர்காணல் ஆங்கிலத்திலே. நுழைவாயிலைத் திறந்துவைத்து வெளிவாயிலைப் பூட்டிவிட்டு, உள்ளே கூட்டமில்லையே என்று எள்ளி நகையாடுவது நேர்மையா?

பூட்டியவர்களை மட்டும் ஏசி என்ன பயன்? தமிழ்வழிக் கல்விக்காகத் தொண்டை வற்றப் பேசும் நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பிலே அமர்ந்திருக்கின்றனர்? நம் பிள்ளைக்கு ஆங்கிலவழிக் கணினிப் படிப்பு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குத் தமிழ்வழி எந்திரவியல் என்றால், அவன் நம்மைக் கண்டு சிரிக்கமாட்டானா? அவன் தன் பிள்ளையை அனுப்பத் தயங்குவதிலே தவறு காண எனக்கு வாய் எழவில்லை.

ஆகவே, அடுத்த பொறியியல் கலந்தாய்வு தொடங்குமுன் கிளைதோறும் கூட்டம் கூட்டுங்கள். கேட் வினாத்தாள் தமிழிலும் வேண்டும். நான்காண்டுக்கும் உரிய பாடநூல்கள் முழுமையாகத் தமிழில் வேண்டும். மாநில அரசின் நிறுவனங்கள் பயிற்சிப் பொறியாளர்களைத் தமிழிலேயே நேர்கண்டு எடுத்திட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். நிர்வாகிகளில் யார் வீட்டுப் பிள்ளை இவ்வாண்டு அவ்வகுப்பில் சேரப்போகிறது என்பதையும், தீர்மானத்துக்குக் கீழே, பெயரோடு எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.