ஊசிக்கு மாற்றாகுமா மூச்சு?

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் விடியற்காலையிலேயே தே தாரேக் நுரைக்கத் தொடங்கிவிடுகிறது. அதே நேரத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் 'இனிப்பு நீர்' என்று அழைக்கும் நீரிழிவு அந்த அளவுக்குப் பரவியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய அறுவரில் ஒருவருக்கு, இந்நோய் உள்ளது. இந்தியர்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம்.

குத்தினால் வலிக்கும், பட்டை வாங்கப் பணமும் வேண்டும். அதனால் வாரக்கணக்கில் சோதிக்காமலே இருந்துவிடுவோரும் உண்டு. ஒரு கருவியில் ஊதினாலே சர்க்கரை அளவு தெரிந்துவிடும் என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்கு ஆசை பிறப்பது இயல்பே.

இந்த ஆசை ஆதாரமற்றதன்று. நீரிழிவு நோயாளியின் மூச்சில் அழுகும் ஆப்பிளின் வாடை வீசுவதை, ஜான் ரோலோ என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனித்தார். இன்சுலின் போதாதபோது, இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்போது கீட்டோன்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்றான அசிட்டோன் எளிதில் ஆவியாகக்கூடியது. நுரையீரல் வழியாக மூச்சில் கலந்து வெளியேறுகிறது. சூடாக்கிய உலோக ஆக்சைடின்மீது இவ்வாவி படும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளப்பதுதான் பல மூச்சுக் கருவிகளின் வேலை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கருவி அளப்பது அசிட்டோனை, சர்க்கரையை அன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. தைப்பூசத்திற்காக உண்ணாமல் விரதமிருந்து தண்ணீர்மலைப் படிகளில் ஏறும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு நீரிழிவே இல்லாவிட்டாலும், பட்டினியால் கொழுப்பு எரிந்து மூச்சில் அசிட்டோன் கூடும். அவரே இன்சுலின் போடும் நோயாளியாக இருந்தால்? கருவி காட்டும் உயர்ந்த எண்ணைச் சர்க்கரை என்று நம்பி அவர் இன்சுலினைக் கூட்டிப் போட்டால், ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடிய சர்க்கரை மேலும் சரியும். மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதற்கு நேர்மாறாக, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஒருவருக்குச் சர்க்கரை மிகுந்திருந்தும் மூச்சில் அசிட்டோன் அதிகம் இல்லாமல் போகலாம். 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று அவர் இன்னொரு தே தாரேக் கேட்பார்!

தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய எதற்கும் அது அனுமதி அளித்திருக்கவில்லை. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இத்தகைய கடிகாரம், மோதிரம் எதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மலேசியாவில் மருத்துவச் சாதனங்களைப் பதிவு செய்ய 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வாங்குமுன் விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

அப்படியானால் மூச்சுச் சோதனை வீண் முயற்சியா? இல்லை. கீட்டோன் அளவுமீறி இரத்தம் அமிலத்தன்மை அடைவது, முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவர்களுக்குப் பெரும் ஆபத்து. வாந்தியும் வயிற்று வலியும் வந்து, மூச்சில் பழவாடை வீசினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்த்தும் துணைக் கருவியாக இது வளர்வதற்கு இடமுண்டு. 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கிவரும் பாயான் லெப்பாசும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் ஒரே தீவில் இருக்கின்றன. இத்தகைய உணரிகளை ஆராய்ந்து உருவாக்கப் பினாங்கைவிடப் பொருத்தமான இடத்தைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கருவி கிளினிக்கில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு மருத்துவர்களின் ஒப்புதலைப் பெறும்வரை, காலையில் விரலில் எடுக்கும் அந்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கைவிட இயலாது.