தவளைக்கும் ஒரு போட்டோ

"தவளையைப் போட்டோ பிடிப்பதாவது!" என்று நேயர்கள் நகைக்கக் கூடும். கல்யாண கோஷ்டியையும், பதவியிலிருந்து ஓய்வு பெறும் உத்தியோகஸ்தரையும் நாற்காலியில் அமர்த்திப் படமெடுப்பதைத்தான் நாம் அறிவோம். ஆயினும், வர்ணத் தவளைகளுக்காகவே காமிராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாய் அலையும் அன்பர்கள் உலகில் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

நின்றபடி மேலிருந்து பிடித்தால், தவளை வெறும் வர்ணப் பொட்டாகத்தான் படத்தில் விழும். ஆகவே அவர்கள் ஈர மண்ணில் வயிறு படப் படுத்து, அதன் கண்ணுக்கு நேராக லென்ஸை வைக்கிறார்கள். அமெரிக்கரான ஜோயல் சார்ட்டோரே 2006-ஆம் வருஷம் தொடங்கிய பணியில், மிருகக்காட்சி சாலைகளில் வாழும் பிராணிகளைக் கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணியில் படமெடுத்து வருகிறார். அங்கே யானைக்கும் தவளைக்கும் சம ஆசனம். உருவத்தின் அளவு மறைகிறது, முகம் தெரிகிறது.

ஆனால், படமெடுக்கும் ஆசையே பிராணிக்கு யமனாகிவிடக் கூடாது. தவளை தோலாலேயே நீர் பருகுகிறது. ஓரளவு சுவாசமும் தோல் வழியேதான். கொசு மருந்து பூசிய கையால் தொடுவது அதற்குத் தீங்கு. அசையாமல் இருக்கவேண்டுமென்று குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்வோரும் உண்டு. அது படமன்று, பாதகம். தவளைக் குலத்தையே மாய்த்துவரும் 'கைட்ரிட்' என்னும் பூஞ்சணம் பூட்ஸில் ஒட்டிய சேற்றிலும் பிரயாணம் செய்யக்கூடும். ஆதலால், பூட்ஸைச் சுத்தம் செய்துகொண்டு காட்டில் நுழைவதே நல்ல படக்காரருக்கு முதல் விரதம்.

சில தினங்களுக்கு முன், நமது வகுப்பில் இத்தகைய படங்களைக் காட்டினோம். முதலாவது, கோஸ்டா ரிகா தேசத்து மான்டெவெர்டே மலைக்காட்டில் வாழ்ந்த பொன் தேரை. பெயிண்டில் தோய்த்தெடுத்தார்களோ என்று அதை ஆராய்ந்த நிபுணரே ஐயுற்றாராம். ஆண் தேரைக்கு அத்தனை பளீரென்ற ஆரஞ்சு வர்ணம்!

"எந்த ஊருக்குப் போனால் இதைப் பார்க்கலாம், ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

நமக்குத் தொண்டை அடைத்தது. 1987-இல் ஆயிரத்துக்கு மேல் கூடியிருந்த அந்தத் தேரைகளில், 1989-இல் ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது. பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2004-இல் அந்த இனமே அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள். குப்பிகளில் ஊறும் உடல்களில் அந்த வர்ணம் நிலைப்பதில்லை, படத்தில்தான் நிலைத்திருக்கிறது.

"இந்தப் படத்தில்தான் பார்க்கலாம், அப்பா" என்றோம். வகுப்பு மௌனமாயிற்று.

அடுத்த படம், தென் அமெரிக்காவின் சுரினாம் தேசத்து நீலத் தவளை. அதன் மேனியில் கரும் புள்ளிகள். ஒன்றின் புள்ளிக்கோலம் மற்றொன்றுக்கு இராது.

"இதாவது இருக்கிறதா, ஸார்?"

"இருக்கிறது!" என்றோம். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. படக்காரர்கள் சேற்றில் படுத்துப் பாடுபடுவதெல்லாம், ஆசிரியர்கள் இந்த வார்த்தையை என்றும் சொல்லக் கூடுவதற்காகத்தானே!