அச்சத்துக்கு ஓர் அலமாரி

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து புழங்கும் செங்கல், உதியன்குளங்கரை முதலிய எல்லைக் கிராமங்களில், யக்ஷியைப் பற்றியும் நீலியைப் பற்றியும் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் அரிது. எனினும் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி, சிறு வயதில் தாங்கள் நடுங்கிய அந்த உணர்ச்சியைக் கலையாக்கிய எழுத்தாளர்களைத் தேடும்போது, அவர்கள் கைக்கு எட்டுவன பெரிய பத்திரிகைகளும் சினிமாவும் ஏற்கெனவே பிரசித்தப்படுத்திவிட்ட நாலைந்து பெயர்களே. பயங்கரக் கதையின் உண்மையான செல்வம் சிறு பத்திரிகைகளின் பழைய இதழ்களிலும், சில நூறு பிரதிகளோடு அச்சை நிறுத்திவிடும் சிறு பிரசுரங்களிலும் கிடக்கிறது என்பதும், அதைத் தேடியெடுத்துக் கிராம நூலகங்களில் சேர்ப்பது வாசகர்களாகிய நம்முடைய பொறுப்பே என்பதும் என் அபிப்பிராயம்.

பேய்க்கதை கீழ்த்தரமான ரசனை, மேல்நாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு என்று கருதும் அன்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்துக்கும் இடம் கொடுத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த அந்த ஆசிரியர், விலங்குக்கும் கள்வருக்கும் அரசனுக்கும் முன்னதாக அணங்கை வைத்தார். திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடிய காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். ஜெயங்கொண்டார் பரணியில் பேய்களைக் கொண்டு போர்க்களத்திலே கூழ் அட வைத்தார். இத்தகைய பரம்பரையை உடைய மொழியில், பயானக ரசத்தைக் கையாளும் எழுத்தாளன் எந்த வாசலிலும் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

நீலியின் கதையையே எடுத்துக்கொள்வோம். அம்மையார் பாடிய அந்தத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைத் தேடி வந்த நீலி, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவனே என் கணவன் என்று ஊரார் முன்னிலையில் முறையிடுகிறாள்; அவன் தன் உயிருக்குக் காவலாக வைத்திருந்த வாளை, எழுபது வேளாளர்கள், உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்களித்து வாங்கி வைத்துவிடுகிறார்கள்; விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்க, சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீயில் இறங்குகிறார்கள். நல்லவர்கள், நியாயம் செய்கிறோம் என்ற திட நம்பிக்கையோடு, ஒருவனை அவனுடைய மரணத்தின் கையிலேயே பிடித்துக் கொடுக்கிறார்கள் என்பதே இக்கதையின் பயங்கரம். நீலி இவ்வளவு தூரம் தெற்கே வந்து, நம் பக்கத்துக் கள்ளியங்காட்டில் குடியேறியபோது, அவளைக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ வேறொரு கோலத்தில் காட்டிற்று. மந்திரவாதப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் தலையில் ஆணி அறைந்து அடக்கிய யக்ஷி, காயங்குளத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேர்கிறாள். அந்த வீட்டுக் கிழவி ஒரு நாள் அன்போடு அவள் தலையைக் கோதும்போது விரலில் ஆணி தட்டுப்பட, ஐயோ பாவம் என்று அதைப் பிடுங்கிவிடுகிறாள். கருணையால் அவிழ்ந்துவிடும் அந்தக் கட்டைப் போல மனத்தைப் பதறச் செய்யும் நிகழ்ச்சியை எந்த இலக்கியத்திலும் நான் அதிகமாகக் கண்டதில்லை. வில்லுப்பாட்டுப் புலவர்கள் கோயில் கொடை விழாக்களில் இரவெல்லாம் பாடி இப்படிப்பட்ட கதைகளைக் காப்பாற்றினார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெயர் ஏட்டில்கூட ஏறவில்லை.

அச்சேறிய காலத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. தமிழில் பயங்கரக் கதையை நவீன இலக்கியமாக உயர்த்தியவர் புதுமைப்பித்தன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1943-ல் வெளியான ‘காஞ்சனை’யில், ஓர் எழுத்தாளன் வீட்டில் வேலைக்காக வந்து தங்கும் பெண்ணும், நள்ளிரவில் காரணம் தெரியாமல் கமழ்ந்து பின்பு வேறாக மாறும் வாசனையும் மட்டுமே அவருக்குப் போதுமாக இருந்தன; கதை முடிந்த பிறகும், நடந்தது என்ன என்ற கேள்வியை அவர் நம்மிடமே விட்டுவிடுகிறார். ‘பிரம்ம ராக்ஷஸ்’ எழுதியவரும், மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியவரும் அவரே. 1948 ஜூன் 30-ஆம் தேதி, காச நோயால் மெலிந்து, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில் அவர் காலமானபோது, அந்த நகரத்துத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் இழப்பின் கனத்தை உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது. மணிக்கொடியைப் போன்ற, லாபம் காணாத பத்திரிகைகள் அவருக்கு இடம் கொடுத்திராவிட்டால், பின்பு 2000-ல் ஆ. இரா. வேங்கடாசலபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு காலச்சுவடு வெளியிட்ட முழுத் தொகுதிக்கு வேண்டிய கதைகளில் பல பிறந்தே இருக்கமாட்டா.

மேல்நாட்டிலும் இதுவே சரித்திரம். அமெரிக்காவின் லவ்கிராஃப்ட் 1937-ல் இறந்தபோது, அவர் கதைகள் மலிவுப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. சொல்லத்தக்க நூலாக வந்திருந்ததும், அன்பர் ஒருவர் சொற்பப் பிரதிகளாக அச்சிட்ட ஒரு கதையே. பெரிய பிரசுராலயங்கள் கைவிரித்த பின், ஆகஸ்ட் டெர்லெத், டானல்ட் வாண்ட்ரி என்ற இரு எழுத்தாளர்கள், 1939-ல் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்ற பதிப்பகத்தைத் தாமே தொடங்கி அக்கதைகளை நூலாக்கினார்கள். ரே பிராட்பரியின் முதல் புத்தகமும் 1947-ல் அங்கிருந்துதான் வந்தது.

வார இதழ்களையும் மாத நாவல்களையும் நான் இழிவாகப் பேசவில்லை. பி.டி. சாமியும், மலையாளத்திலிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்த கோட்டயம் புஷ்பநாத்தும், ‘விடாது கருப்பு’ தந்த இந்திரா சௌந்தர்ராஜனும் லட்சக்கணக்கானோரை வாசிக்கப் பழக்கினார்கள். அந்தச் சேவை பெரிது. சென்னையில் ‘பிளாஃப்ட்’ என்ற மிகச் சிறிய பதிப்பகம், பிரீதம் சக்கரவர்த்தி தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்த தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் தொகுதியை 2008-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, நம் வாரப் பத்திரிகைக் கதைகளை ஏறெடுத்துப் பார்க்காத படித்த வர்க்கத்தினரும் அவற்றைத் தேடிப் படித்தார்கள் என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஆனால் தொடர்கதைக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு: வாரம் தவறாமல் ஒரு திடுக்கிடல் வேண்டும், முடிவில் முடிச்சுகள் யாவும் அவிழ வேண்டும், பேய் இருந்தால் அதை விரட்டவோ, இல்லையென்றால் வேஷத்தைக் கலைக்கவோ வேண்டும். சிறு பிரசுரத்தில் எழுதுபவனுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவன் அச்சத்தை அவிழ்க்காமலே விட்டுப் போகலாம். அதனால்தான் ‘காஞ்சனை’யின் வழித்தோன்றல்களை அங்கே தேட வேண்டும் என்கிறேன்.

அங்கே கிடைப்பன யாவும் மாணிக்கம் என்று சொல்லமாட்டேன். அச்சுப் பிழை மலிந்த நூல்கள் உண்டு. ரத்தத்தை ஊற்றினால் பயம் வந்துவிடும் என்று நம்பும் ஆசிரியர்கள் உண்டு. முதல் இரண்டு பக்கங்களில் வீடும் மனிதர்களும் அவர்கள் பேச்சும் உயிரோடு எழுந்து நிற்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். அவை நிற்காத இடத்தில் பேய் வந்தாலும் நிற்காது. பிடித்த எழுத்தாளர் ஒருவர் கிடைத்தால், அவர் கதை வந்த இதழில் அவரோடு சேர்ந்து எழுதியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பெயர்களைப் பின்தொடர்ந்து போவது மிகுந்த பலன் தரும். நம் பிராந்தியத்தில் தொடங்க விரும்புவோர் ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அவர் பிரசித்தர்தான்; ஆனாலும் அவருடைய பெருநாவல்களைப் பேசுவோரில் பலர் அந்தத் தொகுப்பைத் தொட்டதில்லை.

1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று எல்லை விழுந்த பின், களியக்காவிளைக்கு அப்பால் வெளியாகும் சிறு நூல் இப்பால் வந்து சேர்வது மெத்தக் கடினமாகிவிட்டது. சிறு பதிப்பாளருக்கு விற்பனையாளர் வலை கிடையாது. ஆனால் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. 1945-ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம், பிற்காலத்தில் கேரளத்துக் கிராமங்கள்தோறும் நூலகங்களைப் பரப்பிற்று. அவை ஊர்க்காரர்களே கமிட்டி அமைத்து நடத்துவன. செங்கலிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள வாசகர்கள், புத்தகம் வாங்கும் பருவத்துக்கு முன்பாகவே தங்கள் கமிட்டிக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும்: சிறு பிரசுரங்களின் தமிழ்ப் பயங்கரக் கதைத் தொகுதிகள், நீலி கதையின் அச்சிட்ட பதிப்பு, ‘ஐதிஹ்யமாலை’, புதுமைப்பித்தன் என்று. பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19 வாசிப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறதே, அன்று ஒருவர் சங்குண்ணியின் நீலியை மலையாளத்திலும், மற்றொருவர் ‘காஞ்சனை’யைத் தமிழிலும் சபையோர் கேட்க உரக்கப் படிக்கலாம். எல்லைக்கு அப்பாலுள்ள சிறு பதிப்பாளர் ஒருவரையும் அன்றைக்கு அழைத்து, அவர் கொண்டு வரும் நூல்களில் பத்துப் பிரதியேனும் பணம் கொடுத்து வாங்கினால், அடுத்த நூலை அச்சுக்கு அனுப்ப அவருக்குத் தெம்பு வரும்.