வீட்டுப் பெரியவர்: 24 படி ஏற, நாற்காலியில் தொடங்கலாம்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவரைச் சேவிக்க 24 படி ஏற வேண்டும். அத்திகிரி என்ற மேட்டின் மேல் இருக்கிறது சன்னிதி. ஏறி முடித்தவர்கள் அடுத்து தேடுவது தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும். அவை இருப்பதோ மேற்கூரையில். தொட வேண்டுமானால் கை தலைக்கு மேல் போக வேண்டும். ஊரின் இன்னொரு பக்கம், பல்லவர் கட்டிய கைலாசநாதர் கோயில். அங்கே கருவறையைச் சுற்றிவர, குறுகலான வழியில் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்துதான் வெளியே வர முடியும்.

படி ஏற முழங்கால், பல்லியைத் தொட தோள், தவழ்ந்து வர இடுப்பும் மணிக்கட்டும். ஒருவர் உடம்பு எந்த அளவுக்கு வளைகிறது என்று பார்க்க இந்த ஊருக்குத் தனியாக ஒரு பரிசோதனைக்கூடமே வேண்டாம்.

அந்தப் படிகளின் அடியில் எப்போது போனாலும் ஒரு காட்சி உண்டு. "நீங்க எல்லாம் போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே உக்காந்து கும்பிட்டுக்கறேன்" என்று ஒரு தாத்தாவோ ஆயாவோ ஒதுங்கிவிடுவார்கள். வீட்டாரும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போய்விடுவார்கள். "வயசாயிடுச்சு, என்ன பண்றது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வயதுதான் காரணமா? பாதி காரணம் அதுதான். மீதி, பயன்படுத்தாமல் விட்ட தசை. 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த, சராசரியாக 67 வயதுக்காரர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. ஒரு காய்ச்சலுக்குப் படுத்து எழுந்த பாட்டி "அதுக்கப்புறம் நடையே போச்சு" என்று சொல்வது மிகைப்படுத்தல் இல்லை.

ஆனால் போன தசை திரும்பியும் வரும். 1990-ல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தார் மருத்துவர் மரியா ஃபியாடரோன். எட்டு வாரம் முடிந்தபோது கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் எல்லோரும் தளர்ந்துபோய் இல்லத்தில் கிடந்தவர்கள், விளையாட்டு வீரர்கள் அல்ல.

அதனால் வீட்டுப் பெரியவருக்கு உடற்பயிற்சி என்றதும் "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்பதை விட்டுவிடலாம். எதை, எந்த நிலையில், எவ்வளவு என்று கேட்பதுதான் பயன் தரும்.

முதலில் ஆசையைக் கேளுங்கள்

நல்ல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்ததும் கால் மடக்கிக் காட்டச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பார்: "உங்களால இப்ப முடியாம போனதுல, திரும்ப என்ன செய்யணும்னு ஆசை?" பதில்கள் பெரிய பெரிய விஷயமாக இருக்காது. யாரும் பிடிக்காமல் கழிவறைக்குப் போய்வர வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்ள வேண்டும். பேத்தி கல்யாணத்தில் மனையருகே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வரதரை ஒருமுறை மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த ஆசையைத் துண்டு துண்டாகப் பிரித்து, உடம்பு அனுமதிக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பழக்குவதுதான் முழு வித்தை. நிற்க முடியாதவருக்கு நாற்காலி. உட்கார முடியாதவருக்குக் கட்டில். சென்னையில் வாழ்ந்து 1989-ல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வது: 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுத்த படுக்கையிலேயே செய்யும்படி தனக்கென்று ஒரு பயிற்சி முறையை அமைத்துக்கொண்டார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, பெல்ட், மரக்கட்டை எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்தார். நாற்காலியில் செய்தால் அது அரைகுறைப் பயிற்சி என்று கூச்சப்படுகிற பெரியவர்களிடம் இந்த இரண்டு பேரையும் சொல்லலாம்.

24 படிக்கு முதல் துண்டு எது? நாற்காலியிலிருந்து எழுவது. படி ஏறும்போது வேலை செய்யும் அதே தொடைத் தசைதான் எழும்போதும் வேலை செய்கிறது. கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியாக எடுத்துச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். உயரம் போதவில்லை என்றால் போர்வையை நான்காக மடித்து அதன்மேல் போடலாம். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்தபிறகு எழ வேண்டும். பெரும்பாலோர் இந்தச் சாய்தலை விட்டுவிட்டு நேராக எம்பப் பார்ப்பார்கள். அதனால்தான் "தூக்கி விடுப்பா" என்கிறார்கள்.

எழுவதைவிட உட்காருவதில் கவனம் வேண்டும். தொப்பென்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மெல்ல இறங்க வேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தம் கட்டக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. முதல் வாரம் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. சுலபமானதும் போர்வையை ஒரு மடிப்புக் குறையுங்கள். பிறகு இரண்டு கைக்குப் பதில் ஒரு கை. பிறகு கையே இல்லாமல். அதற்குப்பிறகு வீட்டு வாசல்படிக்கு வரலாம். ஒரு படிதான் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஆள் நிற்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு படியில் 24 தடவை ஏறி இறங்க முடிந்தவருக்கு, கோயில் படிகளில் நின்று நின்று ஏறும் தைரியம் வந்துவிடும்.

தறிக்குழி கற்றுக்கொடுத்த உடம்பு

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். குழித்தறியில் நெய்தவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் இல்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்தவர். பார்வை பாவின் மேல், கழுத்து குனிந்தபடி, முதுகு முன்னால் வளைந்தபடி, ஒரு கை நாடாவுக்கு, ஒரு கை பலகைக்கு. இப்படியே நாற்பது, ஐம்பது வருடம். கைத்தறி நெசவாளர்களிடம் நடந்த ஆய்வுகளில் இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் வலி திரும்பத் திரும்பப் பதிவாவதில் ஆச்சரியம் இல்லை.

இவரிடம் போய்க் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொல்வது தப்பான வைத்தியம். வாழ்நாள் முழுக்கக் குனிந்தவருக்குத் தேவை நிமிர்வதுதான். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் இழுத்து, மார்பை விரித்து, மோவாயை லேசாக உள்ளே தள்ளிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். அதே நாற்காலியில் ஒரு காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பின்தொடை இழுபடும் இடத்தில் நிறுத்தலாம். இளைஞர்களைவிட முதியவர்களின் தசை நிதானமாகத்தான் இளகும். அதனால் 30 முதல் 60 வினாடி வரை அப்படியே இருக்கட்டும். வெந்நீரில் குளித்த கையோடு செய்தால் இன்னும் சுலபம். துள்ளித் துள்ளி இழுக்கக் கூடாது.

அவருக்குக் கைவந்த ஓர் அசைவும் உண்டு, மிதி. உட்கார்ந்த இடத்தில் குதிகாலைத் தூக்கி இறக்கி, மாற்றி மாற்றி மிதிக்கச் சொன்னால் எந்த விளக்கமும் தேவைப்படாது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் இருபது மிதி மிதிக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும், சட்டென்று எழுந்ததும் வரும் கிறுகிறுப்பு குறையும். கிறுகிறுப்பு தொடர்ந்து இருந்தால் அது மாத்திரை அளவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

வீட்டில் தார் சுற்றும் ஆயாவுக்கு ராட்டையைத் தரையிலிருந்து ஒரு சின்ன மேசைக்கு ஏற்றிவிட்டால் போதும், நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்வார். சுற்றும் கையை அவ்வப்போது மாற்றவும் சொல்லலாம், கேட்பாரா என்பது வேறு! "கால் வலிக்குதுல்ல, விடுங்க ஆயா" என்று வேலையையே பிடுங்கிவிடுவது அன்பாகத் தெரியும். அவர் நாள் முழுக்க அசைய இருந்த ஒரே காரணமும் அதோடு போய்விடும். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, துணி மடித்துக் கொடுப்பது என்று வீட்டார் ஓடி ஓடிச் செய்யும் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

தோளும் தரையும்

பல்லியைத் தொட முடியாத கை சர்க்கரைக்காரரின் கையாகவும் இருக்கலாம். தோள் இறுகிப்போவது நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். இதற்கு ஒரு சுவர் போதும். சுவரைப் பார்த்து நின்றோ உட்கார்ந்தோ, விரல்களைச் சுவரில் வைத்துப் பல்லி ஏறுவதுபோல் மெல்ல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதக் கடைசியில் கோடு அரை அடி ஏறியிருந்தால் அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

தவழுவதை யாரும் பயிற்சியாக நினைப்பதில்லை. ஆனால் தரையில் விழுந்த பெரியவர் தானாக எழ உதவுவது அதுதான். அடி படவில்லை என்று தெரிந்ததும், ஒருக்களித்துத் திரும்பி, கை ஊன்றி மண்டியிட்டு, கட்டில் வரை தவழ்ந்து போய், அதைப் பிடித்து ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். இதைத் தெம்பாக இருக்கும்போதே, மெத்தை விரிப்பின் மேல், பக்கத்தில் ஒருவர் நிற்கப் பழக்கலாம். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் மட்டும் மண்டியிடுவதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், கைலாசநாதர் கோயில் வழியையும் சேர்த்துத்தான்.

எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனிவதும், இடுப்பை வேகமாகத் திருப்புவதும் கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது. மறுநாள் தசை லேசாக வலித்தால் பரவாயில்லை. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டு முன்பைவிட அதிகமாக வலித்தால், அன்று செய்தது அதிகம், அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுவது என்றால் அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவர், எலும்பு முறிந்தவர், படுக்கையில் இருப்பவர் என்றால் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்களே ஆரம்பிக்காதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது, கட்டணம் கிடையாது. பலருக்கு மாத்திரை வருவது தெரிகிறது, பிசியோதெரபி வருவது தெரிவதில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ கேட்கலாம். வருகிறவருக்குக் கட்டிலை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். கழிவறை, வாசல்படி, தறி மூன்றையும் காட்டுங்கள்.

கடைசியாகப் படிக்கு வருவோம். எல்லோரும் ஏறத்தான் பழகுகிறார்கள். கால் தடுமாறுவது இறங்கும்போது. ஏறும்போது நல்ல கால் முதலில், வலிக்கும் கால் பின்னால். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், நல்ல கால் பின்னால். ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றபிறகே அடுத்த படி. ஒரு கை சுவரிலோ கைப்பிடியிலோ இருக்கட்டும். துணைக்கு வருபவர் ஏறும்போது ஒரு படி கீழே, பின்னால் வர வேண்டும். இறங்கும்போது ஒரு படி கீழே, முன்னால். பின்னால் வரும் கூட்டம் அவசரப்படுத்தினால் ஓரமாக நின்று அவர்களை முன்னால் விட்டுவிடுங்கள்.