கடைசி வரலாற்றுப் பரீட்சை

உளுந்து எடுத்து முடித்த கையோடு மயிலாப்பூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். அவள் மகளுக்குப் பத்தாவது அரசுத் தேர்வு. அன்னைக்குக் கடைசிப் பரீட்சை, சமூக அறிவியல். "அண்ணே, நீயே போய்க் கூட்டிட்டு வந்துரு"ன்னு தங்கச்சி சொன்னாள். மதியம் ஒண்ணேகாலுக்கு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன்.

பிள்ளை வெளியே வந்தாள், கூடவே மூணு தோழிகள். லஸ் பக்கம் நடந்து, நாகேஸ்வர ராவ் பூங்கா சுவரோரம் நிழல் கண்டதும் நின்னுட்டாங்க. கேள்வித்தாளை விரிச்சாச்சு. "மூணாவது ஒரு மார்க் என்ன போட்ட?" "ஆ." "ஐயோ, நான் இ போட்டேன்டி!"

உப்புச் சட்டத்தை மீறி அபராதம் கட்டிய முதல் பெண் யார் என்பது கேள்வி. மூணு பேர் ருக்மணி லட்சுமிபதி என்று போட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வேறு பேர். அவள் முகம் தண்ணி காணாத நாத்து மாதிரி வாடிப்போச்சு.

அடுத்து ஐந்து மார்க் கேள்வி. ராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பிய தேதியில் சண்டை. ஏப்ரல் 13 என்கிறாள் ஒருத்தி, 28 என்கிறாள் இன்னொருத்தி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "1930 ஏப்ரல் 13 கிளம்பினாங்க, 28 வேதாரண்யம் சேர்ந்தாங்க. எங்க திருத்துறைப்பூண்டி வழியாத்தான் நடந்து போனாங்க" என்றேன். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடந்து வருகிறவர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது, தங்க இடம் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டதையும், சனங்க சோத்துப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டி வைத்ததையும் சொன்னேன். போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி சவரத்தில் கத்தியை மடக்கிய வைரப்பனைப் பற்றி எங்க பக்கம் சொல்லும் கதையையும் சொன்னேன்.

மார்க் போன அந்தப் பெண்தான் கேட்டாள்: "பொட்டலம் கட்டுனவங்க பேரு என்ன அங்கிள்? அவங்களுக்குப் பயமே இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனா அன்னைக்குக் கேட்ட கேள்வியிலேயே நல்ல கேள்வி அதுதான். அதுக்கு அ, ஆ, இ, ஈ கிடையாது.

அதுக்குள்ள தங்கச்சி போன். "எத்தனை வருமாம்? சீக்கிரம் வாங்கண்ணே, பதினொண்ணாவது கோச்சிங்ல சேர்க்க மூணு மணிக்குப் போகணும்."

இங்கேதான் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கு. முடிந்த பரீட்சையைப் பற்றிப் பேசாதே, அடுத்ததைப் பார் என்று நாம் பிள்ளைகளை இழுத்துக்கிட்டுப் போகிறோம். தி.நகர், அடையாறு, எங்க ஊர், எங்கேயும் இதே கதைதான். வருஷம் முழுக்க தனித்தனியா உட்கார்ந்து மனப்பாடம் பண்ணின பிள்ளைகள், வரலாற்றைப் பற்றி ஒருத்தரோடு ஒருத்தர் வாதாடுவது பரீட்சை முடிந்த அந்தக் கால் மணி நேரம்தான். மார்க்குக்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள், ஒத்துக்கிறேன். விட்டால் எங்கே போய் முடிகிறது என்று அன்னைக்குப் பார்த்தேன்.

என் மருமகள் பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுக்கப் போகிறாள். அதில் வரலாறு இல்லை. அவளைப் போன்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி வரலாற்றுப் பரீட்சை. பதினைந்து வயதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தையும் பிடுங்கணுமா?

கிளம்பும்போது பூங்காவின் பெயர்ப் பலகையைக் காட்டினேன். "சென்னைக்குப் பக்கத்தில் உதயவனத்தில் பிரகாசமும் நாகேஸ்வர ராவும் முகாம் போட்டாங்கன்னு எழுதுனியே, அந்த நாகேஸ்வர ராவ்தாம்மா இவரு. அமிர்தாஞ்சன் ஆரம்பிச்சவர்." "நெஜமாவா மாமா? தினமும் இந்த வழியாத்தானே டியூஷன் போறேன்!"

அவளைக் குறை சொல்லி என்ன? உப்பு என்றால் எங்க வேதாரண்யம்தான் என்று நானும் ஐம்பது வருஷமா நினைச்சிருந்தேன். 1930 ஏப்ரல் 27 அன்று திருவல்லிக்கேணியில் போலீசோடு மூணு மணி நேரம் மோதல் நடந்து மூணு பேர் செத்தார்கள் என்பதை முந்தின நாள் ராத்திரி அவள் பாடப் புத்தகத்தில்தான் படித்தேன். அந்த மூணு பேரின் பெயரும் அதில் இல்லை.

மறுநாள் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்த கட்டில் அந்தப் புத்தகமும் இருந்தது. கேட்டு வாங்கிக்கிட்டேன். இப்போ அது எங்க வீட்டுத் திண்ணையில் இருக்கு. உங்க வீட்டிலும் ஒன்று கட்டில் கிடக்கும். எடைக்குப் போடறதுக்கு முன்னாடி, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு சாயங்காலம் திருவல்லிக்கேணி வரைக்கும் நடந்துட்டு வாங்க. எத்தனை மார்க் வரும்னு மட்டும் கேட்காதீங்க.