அணுசக்திக் கப்பலுக்கு எண்ணெய் எதற்கு?

அமெரிக்காவின் 'ஆபிரகாம் லிங்கன்' விமானந்தாங்கிக் கப்பல் அணுசக்தியால் ஓடுகிறது. ஆனாலும், 2024 செப்டம்பரில் எண்ணெய்க் கப்பல் ஒன்று அடிபட்டதும் அமெரிக்கக் கடற்படை அவசரமாக மாற்று ஏற்பாடு தேடியது. ஏன் தெரியுமா, மாணவர்களே?

கப்பலுக்கு எண்ணெய் வேண்டாம். அதிலிருந்து பறக்கும் விமானங்களுக்கு வேண்டுமே! காவலாகக் கூட வரும் நாசகாரிக் கப்பல்களும் எண்ணெயில்தான் ஓடுகின்றன.

அடிபட்ட கப்பலின் பெயர் 'பிக் ஹார்ன்'. 1992-இல் பணிக்கு வந்தது. சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பீப்பாய் எண்ணெய் கொள்ளும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எண்ணெய் வாங்கக் கப்பல்கள் நிற்பதில்லை. இரண்டும் ஒரே வேகத்தில் அருகருகே ஓடும். இடையே கட்டிய கம்பி வடத்தில் தொங்கும் தடித்த குழாய் வழியாக எண்ணெய் பாயும். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலையில் திசை கொஞ்சம் பிசகினாலும் மோதல்தான்!

ஓமன் கரைக்கு அப்பால் பிக் ஹார்ன் தரைதட்டியதாகச் செய்தி வந்தது. சுக்கான் சேதமானது, உள்ளே தண்ணீர் புகுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை, எண்ணெயும் கொட்டவில்லை. ஆனால், அந்த வட்டாரத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு இருந்த எண்ணெய்க் கப்பல் அது ஒன்றுதானாம். பந்தி நிறைய ஆட்கள். பரிமாற ஒரே ஆள் என்றால் எப்படி?

புதிய எண்ணெய்க் கப்பல்கள் 2022 முதல் வரத் தொடங்கிவிட்டன. ஓட்டத்தான் ஆள் இல்லை. இவற்றை ஓட்டுபவர்கள் படைவீரர்கள் அல்லர். சம்பளத்துக்கு வரும் சாதாரண மாலுமிகள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாமல் பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஆள் பற்றாக்குறையால் 17 துணைக் கப்பல்களை ஓரங்கட்டும் திட்டம், விபத்துக்கு முந்தைய மாதமே செய்தியாகியிருந்தது.